வேல்ஸ் மூதாதையர்: பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இல்லை, கோர்ட்டு ஆவணத்தில் கிடைக்குமா?

மலர்விழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வட வேல்ஸில், பேங்கர் பக்கம் இருக்கிறேன். வீட்டுக்காரர் இந்த ஊர்க்காரர். மாமியாருக்கு எண்பது ஆகிவிட்டது. தன் தாத்தாவுக்கு அப்பா யார் என்று தெரிந்துகொண்டுதான் கண்ணை மூடுவேன் என்கிறார். வீட்டில் சும்மா கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருக்கிற மருமகள் நான்தான், அதனால் வேலை என் தலையில்.

கையில் இருப்பது இவ்வளவுதான். தாத்தா பிறந்தது 1868 நவம்பரில், லீன் தீபகற்பத்தில் ஒரு பண்ணையில். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு. அம்மா பண்ணை வேலைக்காரப் பெண், கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி. ஆனால் 1893இல் தாத்தா கல்யாணம் செய்தபோது கொடுத்த சான்றிதழில் "அப்பா: வில்லியம் வில்லியம்ஸ், விவசாயி" என்று இருக்கிறது. குடும்பத்தில் ஓடுகிற கதையோ வேறு. அந்த வட்டாரத்துப் பெரிய வீட்டு எஜமான்தான் அப்பா என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள்.

அந்தக் காலத்தில் இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்காகக் கோர்ட்டில் வழக்கு நடந்தது என்று படித்தேன். எங்கே தேடுவது?

---

அரைகுறை ஆறுமுகம் எழுதியது:

ரொம்ப சுலபம் மேடம். வேல்ஸுக்கென்றே கிரேட் செஷன்ஸ் என்று ஒரு கோர்ட்டு இருந்தது. அதன் ஆவணம் எல்லாம் அபெரிஸ்ட்வித் ஊரில் இருக்கிற வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது, குற்ற வழக்குகளை இணையத்திலேயே இலவசமாகத் தேடலாம். ஐந்து நிமிட வேலை.

---

சுவடிப்பித்தன் எழுதியது:

//ஐந்து நிமிட வேலை//

ஆறுமுகம், அந்தக் கோர்ட்டை 1830லேயே மூடிவிட்டார்கள். பிள்ளை பிறந்தது 1868இல். அதுவும் நீங்கள் சொல்கிற இணையத் தேடல் 1730 முதல் 1830 வரைக்கும்தான்.

இன்னொன்று. கிரேட் செஷன்ஸ் கொலை, கொள்ளை மாதிரிப் பெரிய வழக்குகளுக்கான கோர்ட்டு. கல்யாணம் ஆகாத தாய்மார்கள் அங்கே வந்து நின்றார்கள் என்றால், பெரும்பாலும் பிள்ளை செத்துப்போய்விட்டது என்று அர்த்தம். 1624இல் ஒரு சட்டம் வந்தது. கல்யாணம் ஆகாதவள் பிள்ளையைப் பெற்று, அதன் சாவை மறைத்தால், அது செத்தே பிறந்தது என்று ஒரு சாட்சியாவது கொண்டு அவள்தான் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் கொலைதான், தூக்குதான். 1803இல்தான் அதை நீக்கினார்கள். அந்தக் கட்டுகளை நான் வேறு ஒரு வேலைக்காகப் புரட்டியிருக்கிறேன். வைக்கோலுக்கு அடியில் கிடந்தது, குளத்தில் கிடந்தது என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொன்ன வாக்குமூலங்கள். ஒரு மத்தியானத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

மலர், உங்களுக்கு வேண்டியது இதற்குக் கீழே இருந்த கோர்ட்டு. பெட்டி செஷன்ஸ். உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து விசாரிக்கிற இடம். விவரமாக இரவு எழுதுகிறேன்.

---

ரீட்டா தூத்துக்குடி எழுதியது:

மலர், ஞானஸ்நானப் பதிவு பார்த்தீர்களா? ஆங்கிலிக்கன் கோயில் பதிவேடுகளில் பாதிரியார்கள் தயவுதாட்சண்யம் இல்லாமல் எழுதிவைப்பார்கள். டென்பியில் 1841இல் பிறந்த ஒரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் "பாஸ்டர்ட்" என்றே எழுதியிருக்கிறது. செயின்ட் ஆசஃப் ஏழை விடுதியில் வளர்ந்த அந்தப் பையன்தான் பிற்பாடு ஆப்பிரிக்காவில் ஆய்வுப்பயணி லிவிங்ஸ்டனைத் தேடிப்போன ஸ்டான்லி.

வெல்ஷ் மொழியில் கொஞ்சம் மென்மையான சொற்களும் உண்டு. "பிளென்டின் ஷௌன்ஸ்" என்றால் தற்செயலாய்க் கிடைத்த பிள்ளை. இன்னொன்றுக்குப் புதர், வேலிப் பிள்ளை என்று பொருள். எங்கே உருவானது என்பதைச் சொல்லியே பெயர் வைத்துவிட்டார்கள்!

---

மலர்விழி எழுதியது:

பார்த்தேன் அக்கா, கோயில் பதிவேட்டில் இல்லை. குடும்பம் ஆங்கிலிக்கன் கோயிலைச் சேராத மெதடிஸ்ட் சேப்பலைச் சேர்ந்தது.

---

ரீட்டா தூத்துக்குடி எழுதியது:

அப்படியானால் அந்தப் பெண்ணைச் சபையை விட்டு விலக்கியிருப்பார்கள். "தோரி ஆத்லான்" என்பார்கள், வெட்டி வெளியே போடுவது. பெண்ணுக்குத்தான் முதலில் விழும். ஆள் யாரென்று தெரிந்தால் அவனுக்கும் சில சமயம் விழும். சேப்பல் புத்தகங்கள் வெல்ஷில்தான் இருக்கும், மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

---

சுவடிப்பித்தன் எழுதியது:

சரி, சொன்னபடி எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்றை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஆவணங்கள் எதுவும் "அப்பா யார்" என்று கண்டுபிடிக்க எழுதியவை அல்ல. "காசு யார் கொடுப்பது" என்று கண்டுபிடிக்க எழுதியவை. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துத்தான் பலரும் தப்பான ஆளைத் தாத்தாவாக்கிவிடுகிறார்கள்.

1576இல் இங்கிலாந்துச் சட்டம் ஒன்று, பிள்ளைக்கு ஆகிற செலவைத் தாயிடமும் தகப்பன் என்று சொல்லப்பட்டவனிடமும் வாங்கலாம் என்று மாஜிஸ்திரேட்டுகளுக்கு அதிகாரம் கொடுத்தது. ஏன்? வாங்காவிட்டால் பாரிஷ்தான் கொடுக்க வேண்டும். பாரிஷ் என்பது கோயில் எல்லைக்கு உட்பட்ட ஊர். அங்கே நிலபுலன் உள்ளவர்களிடம் வரி பிரித்துத்தான் ஏழைகளுக்குப் படியளந்தார்கள். இப்படிப் பிறந்த பிள்ளை எந்தப் பாரிஷில் பிறக்கிறதோ அந்தப் பாரிஷின் பொறுப்பு என்று நெடுங்காலம் விதி இருந்ததால், நிறைமாதக்காரியை வண்டியில் ஏற்றிப் பக்கத்து ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வந்த கதைகள் ஏராளம். நம் ஊரில் நடுரோட்டில் பிணம் கிடந்தால் எந்த ஸ்டேஷன் எல்லை என்று இரண்டு போலீஸ்காரர்கள் சண்டை போடுவார்களே, அதே மாதிரி.

அதனால் 1834க்கு முன்னால் நடந்தவற்றுக்கு மூன்று வகைத் தாள்கள் கிடைக்கும். கர்ப்பிணியை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி யார் காரணம் என்று சத்தியம் வாங்கிய வாக்குமூலம், அவன் பாரிஷுக்கு எழுதிக்கொடுத்த ஜாமீன் பத்திரம், வாரா வாரம் இவ்வளவு கட்டு என்ற உத்தரவு. பாரிஷ் பெட்டியில் இருக்கும், இல்லாவிட்டால் குவார்ட்டர் செஷன்ஸ் (மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடிய மாவட்டக் கோர்ட்டு) கட்டுகளில் இருக்கும். உங்கள் கார்னார்வன்ஷயருக்கு அதிர்ஷ்டம். அந்த மாவட்டத்துக் குவார்ட்டர் செஷன்ஸ் ஆவணங்கள் 1541இலிருந்தே இருக்கின்றன, வேல்ஸில் அவ்வளவு பழையது வேறு எங்கும் இல்லை.

1834இல் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டார்கள். பெண் பொய் சொல்லி ஆண்களை மாட்டிவிடுகிறாள் என்பது அப்போதைய வாதம். தாய் நேராக வழக்குப் போட முடியாது, அதிகாரிகள்தான் குவார்ட்டர் செஷன்ஸுக்குப் போக வேண்டும், அதற்கும் தாயின் சொல்லுக்கு ஆதரவாக வேறு சாட்சி வேண்டும் என்றாக்கினார்கள். வேல்ஸில் இதற்கு எதிர்ப்பு கடுமை. 1839 முதல் 1843 வரை தென்மேற்கு வேல்ஸில் ரெபெக்கா கலவரம் நடந்ததே, ஆண்கள் பெண் வேஷம் கட்டிக்கொண்டு சுங்கக் கதவுகளை உடைத்தார்களே, அவர்களுடைய குறைகளில் இதுவும் ஒன்று. ராத்திரியில் கைக்குழந்தையைத் தூக்கிப் போய்த் தகப்பன் வீட்டு வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

1844இல் மறுபடி மாற்றினார்கள். இனி தாயே பெட்டி செஷன்ஸில் மனுப் போடலாம். முதல் ஆறு வாரத்துக்கு வாரம் 5 ஷில்லிங் வரைக்கும், அப்புறம் 2 ஷில்லிங் 6 பென்ஸ் வரைக்கும், பிள்ளைக்கு 13 வயது ஆகும்வரை (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). 1872 சட்டம் அந்த உச்சவரம்பை 5 ஷில்லிங் ஆக்கியது. உங்கள் வழக்கு 1868 என்பதால் 1844 சட்டத்தின் கீழ் வரும்.

கஷ்டம் என்னவென்றால், பெட்டி செஷன்ஸ் பதிவேடுகளை ஒழுங்காக வைக்க வேண்டும் என்ற கட்டாயமே 1880 வாக்கில்தான் வந்தது. அதற்கு முந்தியவை இருந்தால் உண்டு. அதனால் முதலில் செய்தித்தாளுக்குப் போங்கள். தேசிய நூலகம் பழைய வெல்ஷ் செய்தித்தாள்களைப் பத்து லட்சம் பக்கத்துக்கு மேல் இலவசமாகப் போட்டிருக்கிறது. லீன் பகுதிக்கு புல்ஹெலி ஊரில் நடந்த பெட்டி செஷன்ஸ், 1868 டிசம்பர் முதல் ஒரு வருடத்துக்குப் பாருங்கள்.

அப்புறம், பையனுக்கு நடுப்பெயர் ஏதாவது உண்டா?

---

கோர்ட்டு குமாஸ்தா எழுதியது:

முப்பத்தொரு வருஷம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தவன் நான். சுவடி சார் எழுதியதைப் படிக்கப் படிக்க ஏதோ என் பழைய பீரோவைத் திறந்த மாதிரி இருக்கிறது. நம் 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 488ஆம் பிரிவு, 1973 சட்டத்தில் அதுவே 125. மனைவி பிள்ளைக்கு ஜீவனாம்சம். கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையும் அதில் உண்டு. மனு, சம்மன், "எனக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை", உத்தரவு, பாக்கி, வாரண்ட். கறுப்பு மசி போய் நீல மசி வந்தது, வேறொன்றும் மாறவில்லை.

---

நிலா எழுதியது:

ஒரு விஷயம் கேட்கலாமா? அந்தப் பெண்மணி உயிரோடு இருந்தபோது ஊரே கூடி அவரைக் கூண்டில் ஏற்றியிருக்கிறது. இப்போது நாமும் அதைத் தோண்டி எடுத்துப் பொதுவில் போட வேண்டுமா? இழையில் ஒருத்தர் "முறைகேடான பிள்ளை" என்று எழுதியிருந்தார் (பிறகு அழித்துவிட்டார்). பிள்ளையில் என்ன முறைகேடு?

---

மலர்விழி எழுதியது:

நிலா, நியாயமான கேள்வி. அதனால்தான் பெயர், பண்ணை எதையும் இங்கே போடவில்லை. ஆனால் தேடச் சொல்வது அவருடைய கொள்ளுப்பேத்தி. "அவளைப் பற்றி வெள்ளைக்காரத் துரைமார் எழுதியதுதான் இன்றைக்கும் இருக்கிறது, நாங்கள் ஒன்றும் எழுதவில்லையே" என்றார் மாமியார். வெல்ஷ்காரர்கள் இங்கிலாந்துக்காரர்களைத் திட்டும்போது நமக்கு ரொம்ப நெருக்கமாகிவிடுகிறார்கள்.

சுவடி சார், நடுப்பெயர் உண்டு. பாரி.

---

அரைகுறை ஆறுமுகம் எழுதியது:

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியா??

---

சுவடிப்பித்தன் எழுதியது:

மாமியார் சொன்னதில் விஷயம் இருக்கிறது. வேல்ஸ் கல்வி நிலையை விசாரித்து 1847இல் அறிக்கை கொடுத்த மூன்று ஆணையர்களுக்கும் வெல்ஷ் தெரியாது. வந்தவர்கள் பள்ளிக்கூடத்தோடு நிற்காமல், வெல்ஷ் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றியும் மட்டமாக எழுதிவைத்தார்கள். பண்ணைகளில் ஆணும் பெண்ணும் இரவில் உடுத்திய துணியோடு படுக்கையில் பேசிக்கொண்டிருந்து பழகுகிற வழக்கம் இருந்தது. குளிர் நாடு, வேலைக்காரர்களுக்கு உட்கார வேறு இடமும் கிடையாது. அதை வைத்து ஒரு சமூகத்தையே கேவலப்படுத்தினார்கள். அந்த அறிக்கையின் நீல அட்டையை வைத்து "நீலப் புத்தகத் துரோகம்" என்று இன்றும் சொல்கிறார்கள்.

//பாரி//

இதுதான் எனக்கு வேண்டும். ஆறுமுகத்தின் வள்ளல் இல்லை, "ஆப் ஹாரி" என்பது ஒட்டிப் பாரி ஆனது. ஆப் என்றால் மகன். வெல்ஷ்காரர்களுக்குக் குடும்பப் பெயர் என்பதே பிற்பாடு வந்த பழக்கம். அதற்கு முன்னால் நாம் இனிஷியல் போடுகிற மாதிரி அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். பழைய வெல்ஷ் சட்டத்தில், அப்பா ஏற்றுக்கொண்டால் போதும், எந்தப் பிள்ளைக்கும் சொத்தில் பங்கு உண்டு. 1284இல் இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் வேல்ஸைப் பிடித்து ரட்லன் சாசனம் போட்டபோதுதான் அது போனது.

சட்டம் போனாலும் பழக்கம் போகவில்லை. கட்டத்தில் பெயர் எழுத முடியாத தாய், அந்தப் பெயரைப் பிள்ளையின் நடுவில் வைத்துவிடுவாள். பாரி என்ற பெயரோடு தேடுங்கள். 1893 சான்றிதழை நம்பாதீர்கள். பாதிரியார் முன்னால், மாமனார் வீட்டார் முன்னால், "அப்பா பெயர்?" என்று கேட்டால் பையன் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும். வில்லியம் வில்லியம்ஸ் என்பது தாயைப் பெற்ற தாத்தாவாக இருக்கும் என்பது என் ஊகம்.

---

மலர்விழி எழுதியது:

சார்!! ரெண்டும் சரி.

1871 மக்கள்தொகைக் கணக்கில் பையன் தாத்தா பாட்டியோடு இருக்கிறான். வீட்டுத் தலைவர் வில்லியம் வில்லியம்ஸ். பையனுக்கு நேராகப் பேரன் என்று எழுதாமல் "மகன்" என்று எழுதியிருக்கிறார்கள். பாட்டிக்கு வயது 54.

அடுத்தது செய்தித்தாள். நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்குக் கிடைத்தது. 1869 ஜனவரி, புல்ஹெலி பெட்டி செஷன்ஸ். மொத்தம் ஒன்பது வரி. மேலே அனுமதியில்லாமல் முயல் பிடித்தவனுக்கு அபராதம், கீழே நாய் லைசென்ஸ் வழக்கு, நடுவில் நம் பையனின் அம்மா. அவர் மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னார். உடன் வேலை செய்த பெண் ஒருத்தி, பிரதிவாதி பரண் ஏணியில் இறங்கிப் போவதை இரண்டு தடவை பார்த்ததாகச் சாட்சி சொன்னாள். பிரதிவாதி பக்கத்துப் பண்ணையில் ஏர் ஓட்டுகிறவன், குடும்பப் பெயர் பாரி. அவன் மறுத்தான். வாரம் 1 ஷில்லிங் 6 பென்ஸும் மருத்துவச்சிக் கூலியும் கோர்ட்டுச் செலவும் கட்ட உத்தரவு.

பெரிய வீட்டு எஜமானும் அந்தச் செய்தியில் இருக்கிறார். எங்கே தெரியுமா? மேடையில். மாஜிஸ்திரேட்டாக!

---

அரைகுறை ஆறுமுகம் எழுதியது:

முடிந்தது கதை. தப்புப் பண்ணியவரே நீதிபதி. பாவப்பட்ட ஏர்க்காரன் தலையில் கட்டிவிட்டார். இதைவிட வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

---

கோர்ட்டு குமாஸ்தா எழுதியது:

ஆறுமுகம் தம்பி, அந்தக் காலத்தில் மாஜிஸ்திரேட் என்றாலே நிலக்காரர்தான். முயல் வழக்கிலும் நாய் வழக்கிலும் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். நாய்க்கும் அவர்தான் அப்பாவா?

ஏணிச் சாட்சிதான் எனக்குப் பிடித்திருக்கிறது. தாயின் வாய்ச்சொல் தனியாக நிற்காது, முக்கியமான ஒரு விஷயத்திலாவது வேறொருவர் ஆமாம் சொல்ல வேண்டும். உடன் வேலை செய்கிறவள் வேலையை விட்டுவிட்டு, அரை நாள் கூலி போக, கோர்ட்டுக்கு வந்து சொல்லியிருக்கிறாள். அவள் பெயரைக் குறித்துவையுங்கள் அம்மா.

---

சுவடிப்பித்தன் எழுதியது:

எனக்கு ஏணியைவிடத் தேதி முக்கியம். பிறப்பை 42 நாளைக்குள் பதிய வேண்டும். நவம்பரில் பிறந்தவனை டிசம்பரில் பதிந்திருக்கிறார்கள், சரியா? உத்தரவு ஜனவரியில். அதாவது கோர்ட்டு வாய் திறப்பதற்கு முன்பே, யாரும் சத்தியம் வாங்காதபோதே, அவர் பிள்ளைக்கு பாரி என்று பெயர் வைத்துவிட்டார். தாய் அறியாத சூல் உண்டா? எஜமான் கதை பிற்பாடு யாரோ ஆறுதலுக்குச் சொன்னதாக இருக்கலாம். வேல்ஸில் அப்பா தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் அப்பா பெரிய வீட்டுக்காரர்தான். ஏர்க்காரனுக்குப் பிறந்ததாக ஒரு குடும்பமும் கதை சொல்லி நான் கேட்டதில்லை.

இருந்தாலும் உறுதி என்று எழுதாதீர்கள். காசு கட்டச் சொல்லப்பட்டவர் பாரி. அவ்வளவுதான் இந்தத் தாள் சொல்கிறது.

"மொழிபெயர்ப்பாளர் மூலம்" என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 1536 சட்டத்திலிருந்து வேல்ஸில் கோர்ட்டு மொழி ஆங்கிலம். 1942 வரைக்கும் அதுதான் கதி. அறையில் இருந்தவர்களில் மேடைக்குக் கீழே எல்லோரும் வெல்ஷ்காரர்களாக இருந்திருப்பார்கள். அவர் சொன்னது அவருக்குப் புரியாத மொழியில் எழுத்தாகியிருக்கிறது. நாம் படிப்பது அவர் குரல் இல்லை.

---

நிலா எழுதியது:

மரபணுச் சோதனை செய்தால் தெரிந்துவிடுமே? மாமியார் அந்த ஏர்க்காரருக்குக் கொள்ளுப்பேத்தி. அவருடைய வேறு வாரிசுகள் யாராவது சோதனை செய்திருந்தால் பொருந்த வாய்ப்பு அதிகம்.

---

மலர்விழி எழுதியது:

வாங்கிவைத்து ஒரு மாதம் ஆகிறது நிலா. பெட்டி சமையலறை மேஜையில் இருக்கிறது. "இந்த வயசில் குப்பியில் துப்பச் சொல்கிறாயா" என்று முறைக்கிறார்.

எஜமான் இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அரைமணி நேரம் பேசவில்லை. அப்புறம் பேப்பரும் பேனாவும் கேட்டார். வாரம் ஒன்றரை ஷில்லிங், வருஷம் 52 வாரம், 13 வருஷம். 1,014 ஷில்லிங். 50 பவுண்டு 14 ஷில்லிங். "ஒரு ஏர்க்காரன் இவ்வளவும் கட்டினானா?" என்று கேட்கிறார். இப்போது அப்பா யார் என்பதைவிட இதுதான் அவருக்குப் பெரிய கேள்வியாகிவிட்டது.

---

சுவடிப்பித்தன் எழுதியது:

அம்மாவின் கணக்கு சரி. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி. பையனின் தாய் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டாரா?

---

மலர்விழி எழுதியது:

ஆமாம், 1874 மே மாதம். ஒரு கல் குவாரித் தொழிலாளியை.

---

சுவடிப்பித்தன் எழுதியது:

அப்படியானால் பாரியின் பொறுப்பு அன்றோடு முடிந்தது. 1844 சட்டப்படி போட்ட உத்தரவு தாய்க்குக் கல்யாணமானதும் செல்லாது. அவளைக் கட்டியவன் அவள் பிள்ளையையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும் என்று 1834 சட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஆக ஐந்து வருஷமும் சில மாதமும். 20 பவுண்டு சொச்சம்.

---

கோர்ட்டு குமாஸ்தா எழுதியது:

உத்தரவு வேறு, வசூல் வேறு. என் அனுபவத்தில் பாதிக்கு மேல் பாக்கிதான். கட்டாமல் இருந்தால் வாரண்ட் போட்டிருப்பார்கள், சொத்து இல்லாதவனை உள்ளே தள்ளியிருப்பார்கள். கார்னார்வன் சிறைப் பதிவேட்டில் 1869க்கும் 1874க்கும் நடுவே பாரி என்று யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால், கட்டினான் என்று அம்மா நம்பிக்கொள்ளட்டும்.

---

மலர்விழி எழுதியது:

குமாஸ்தா ஐயா, செவ்வாய்க்கிழமை கார்னார்வன் ஆவணக் காப்பகத்துக்கு நேரம் வாங்கிவிட்டேன். சிறைப் பதிவேடும், பெட்டி செஷன்ஸ் குறிப்பேடு ஏதாவது மிஞ்சியிருந்தால் அதுவும் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். மாமியாரும் வருகிறார். அந்தக் கல் குவாரிக்காரரைப் பற்றி இதுவரைக்கும் வீட்டில் யாருமே விசாரித்ததில்லை என்று இன்றைக்குக் காலையில்தான் அவருக்கே உறைத்தது. அவர் பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்.

---

ரீட்டா தூத்துக்குடி எழுதியது:

பென்சில் எடுத்துக்கொண்டு போங்கள். பேனாவை வாசலிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள்.